வெந்நீருக்கு யார் சாட்சி?

(திருத்தணியில் நடந்த நுகர்வோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கத்திரி வெயில் கொளுத்தும் நேரத்தில், திருத்தணியில் நின்றுகொண்டு, வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். மே மாதம் வந்தால் பேப்பரில் வருகிற வெயில் சதப் பட்டியலில் முதலிடத்துக்கு வேலூருக்கும் நமக்கும்தான் போட்டி. வீட்டைச் சூடாக்க நமக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. மொட்டைமாடி ஒன்று போதும். ஆனாலும் குளிர்நாட்டுக்காரர்கள் ஒரு பெட்டியைச் சோதித்த விதத்தில் நமக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. அங்கே போய்விட்டு நம் கீசருக்கும் ஏ.சி.க்கும் வந்துவிடுகிறேன்.

திருவாலங்காட்டில் நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலையில் என்ன செய்கிறார்கள்? கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும். சுற்றி முடித்த பிறகும் அதில் சூடு மிச்சம் இருக்கும். அந்த மிச்சச் சூட்டில்தான் சாறு காய்கிறது. டென்மார்க்கில் இதே வேலையை ஒரு ஊர் அளவுக்குச் செய்கிறார்கள். மின்நிலையத்தின் மிச்சச் சூட்டிலும் குப்பை எரிக்கும் உலையின் சூட்டிலும் தண்ணீரைக் காய்ச்சி, தெருவுக்கு அடியில் குழாயில் விட்டு, வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். வீட்டில் அடுப்போ பாய்லரோ கிடையாது. சுவரில் ஒரு பெட்டி மட்டும். தெருக் குழாயின் வெந்நீர் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, சூட்டை இறக்கிவைத்துவிட்டு, ஆறிப்போய் வேறொரு குழாயில் திரும்பிவிடும். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படித்தான் கதகதப்பு வருகிறது. ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரத்தில் பூமிக்கு அடியில் இருந்தே சுடுதண்ணீர் கிடைப்பதால் ஏறத்தாழ ஊர் முழுவதும் இந்த ஏற்பாடுதான். வியாபாரமாக இதை முதலில் நடத்திக்காட்டியது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் என்ற ஊரில், 1877-இல்.

பிரிட்டனில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர். ஆனால் லண்டன் போன்ற நகரங்களில் புது அடுக்குமாடிகள் எழும்பியபோது கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு கொதிகலன் அறை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் வெந்நீர்க் குழாய் இழுத்தார்கள். 2018-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் இந்தத் துறையை ஆராய்ந்தபோது, நாடு முழுக்கச் சுமார் 14,000 வெப்ப வலைப்பின்னல்கள், அவற்றில் ஏறக்குறைய 4,80,000 வாடிக்கையாளர்கள் என்று கணக்கு வந்தது. நம் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குப் போய் அங்கே ஃபிளாட் எடுக்கிறார்களே, அவர்களில் சிலருடைய வீட்டுச் சுவரிலும் இந்தப் பெட்டி தொங்கும்.

அந்தப் பெட்டி ஒரு சின்ன அலமாரி அளவு இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று ஒரு உலோகக் கட்டி தெரியும். மெல்லிய எவர்சில்வர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் செம்பை உருக்கிப் பற்றவைத்தது. ஒரு இடுக்கில் தெருக் குழாயின் வெந்நீர், அடுத்த இடுக்கில் நம் வீட்டுக் குழாயின் பச்சைத் தண்ணீர். இரண்டும் கலக்காது, தகட்டின் வழியே சூடு மட்டும் கைமாறும். கூடவே இரண்டு மூன்று வால்வு, ஒரு சிறு பம்ப், ஒரு வெப்ப மீட்டர். அவ்வளவுதான்.

இதில் என்ன கோளாறு வரப்போகிறது என்று தோன்றும். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது, குளிர்காலத்தில் அறை கதகதப்பாக இருக்கிறது. குடியிருப்பவருக்கு வேறு என்ன வேண்டும்? சிக்கல் அவருக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. திரும்பிப் போகிற தண்ணீரில்.

70 டிகிரியில் உள்ளே வருகிற தண்ணீர் 30 டிகிரியில் திரும்பினால் ஒவ்வொரு லிட்டரும் 40 டிகிரிச் சூட்டை வீட்டில் இறக்கியிருக்கிறது. அதே தண்ணீர் 50 டிகிரியில் திரும்பினால் 20 டிகிரிதான் இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வேண்டிய சூடு ஒன்றுதான். அதைக் கொடுக்க இப்போது இரண்டு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். குழாய் பெரிசாக வேண்டும், பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும், போகிற குழாயோடு திரும்புகிற குழாயும் சுட்டுக்கொண்டே கிடக்கும். அந்தச் சூடு மாடிப்படியிலும் வராந்தாவிலும் கசியும். லண்டன் அடுக்குமாடிகளில் வெளியே பனி கொட்டும்போதுகூட நடைவழியில் வியர்த்து ஒழுகுகிறது என்று மக்கள் புகார் சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான். கசிந்த சூட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் நிர்ணயிப்பார்கள். பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. கட்டடத்துக்கு ஒரே குழாய், ஒரே முதலாளி. மின்சாரத்துக்கும் கேஸுக்கும் இருந்த அரசுக் கண்காணிப்பும் அப்போது இவர்களுக்கு இல்லை. 2023-இல் வந்த எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகுதான் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கைக்கு இந்தக் கண்காணிப்பு போனது.

தவறு யாருடையது? பெட்டி விற்றவர், "என் பெட்டி அருமையானது, நீங்கள் மாட்டியதுதான் சரியில்லை" என்றார். மாட்டியவர், "வடிவமைத்தவரைக் கேளுங்கள்" என்றார். ஒவ்வொரு கம்பெனியும் கையில் ஒரு அட்டவணை வைத்திருந்தது. எல்லா அட்டவணையும் உண்மையே சொன்னது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நிலைமையில் எடுத்தது. ஒன்றோடொன்று ஒப்பிட வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் சுயேச்சையான சோதனை உள்ளே வந்தது. ஸ்வீடனில் இதற்கு ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. போரோஸ் நகரத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பெட்டிகளைச் சோதித்துச் சான்று கொடுத்துவந்தார்கள். பிரிட்டன்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். கட்டடச் சேவைப் பொறியாளர் நிறுவனங்களின் சங்கம் ஒன்று, பெசா என்று பெயர், 2016 வாக்கில் அந்தச் சோதனை முறையை வெளியிட்டது. எல்லோருடைய பெட்டிக்கும் ஒரே சோதனை. உள்ளே விடும் தண்ணீர் ஒரு சுற்றில் 70 டிகிரி, இன்னொரு சுற்றில் 60. குழாயைக் கொஞ்சமாகத் திறப்பது, பாதி திறப்பது, நன்றாகத் திறப்பது, மூடுவது, உடனே மறுபடி திறப்பது என்று ஒரு வீட்டில் நடப்பதையெல்லாம் அந்தக் கூடத்தில் நடத்திப் பார்ப்பார்கள். திறந்த 15 விநாடிக்குள் தண்ணீர் 45 டிகிரியைத் தொட வேண்டும். எந்தக் கட்டத்திலும் 65 டிகிரிக்கு மேல் 10 விநாடி நீடிக்கக் கூடாது. நீடித்தால் கை வெந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெட்டி சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்று அளந்ததுதான். ஒரு நாளில் நாம் வெந்நீர் பிடிப்பது மொத்தமாக அரைமணி நேரம் இருக்குமா? மீதி நேரமெல்லாம் பெட்டி காத்துக்கிடக்கிறது. திறந்தவுடன் சூடாக வர வேண்டும் என்பதற்காகத் தன்னைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள, தெருக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீரை இழுத்து, ஏறக்குறைய அதே சூட்டோடு திருப்பி அனுப்புகிறது. ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். குளிக்கும் நேரத்தில் 50 லிட்டர் ஓடி 20 டிகிரியில் திரும்புகிறது, பிரமாதம். நாள் முழுக்கச் சும்மா இருந்த நேரத்தில் 150 லிட்டர் ஓடி 55 டிகிரியில் திரும்புகிறது. இருபதையும் ஐம்பத்தைந்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் முப்பத்தேழரை. ஆனால் எத்தனை லிட்டர் ஓடியது என்பதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 46 டிகிரிக்கு மேல் வருகிறது. பிரிட்டிஷ் சோதனை இந்த இரண்டாவது கணக்கைத்தான் போடுகிறது. வந்த எண்ணை மாடல் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். மளமளவென்று வேலை நடந்தது அதற்குப் பிறகுதான். கட்டடம் கட்டுகிறவர்கள் டெண்டரில், சோதனையில் தேறிய பெட்டிதான் வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் வால்வை மாற்றின, கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றின, திரும்பவும் சோதனைக்கு அனுப்பின. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்துக் கம்பெனியின் எண் பக்கத்திலேயே அச்சாகியிருந்ததே, அது போதுமானதாக இருந்தது.

கூடத்தில் தேறிய பெட்டி வீட்டிலும் தேறும் என்று நினைத்துவிட வேண்டாம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வைச் சரியாகத் திருப்பாமல் விட்டால், குழாய் கழுவுவதற்காகத் திறந்த பைபாஸை மூட மறந்தால், எப்பேர்ப்பட்ட பெட்டியும் சூடான தண்ணீரைத் திருப்பி அனுப்பும். அதற்குத் தனியாக நடைமுறைக் கையேடு போட்டார்கள். அது வேறு கதை.

நம் நாட்டில் இதன் மறுபக்கம் இருக்கிறது. குஜராத்தில் காந்திநகர் பக்கம் கிஃப்ட் சிட்டியில் ஒரே நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அங்கே தண்ணீர் நன்றாகச் சூடேறித் திரும்ப வேண்டும்; குளிர்ச்சியாகவே திரும்பினால் நஷ்டம். கணக்கு அதேதான், தலைகீழாக.

இப்போது கீசருக்கு வருவோம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், பி.இ.இ. என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும், 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி 2002-இல் வந்தது. 2006-இல் ஸ்டார் ஸ்டிக்கரைக் கொண்டுவந்தது. ஃப்ரிட்ஜ், ஏ.சி., கீசர் என்று ஒன்றொன்றாகக் கட்டாயமாக்கி, 2023-இல் சீலிங் ஃபேன்வரை வந்தாயிற்று. கடைக்குப் போகிறோம், கீசர் மேலே ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. விற்பவர், "கரண்ட் பில் பாதியாயிடும் சார்" என்கிறார். அந்த நட்சத்திரம் எதை அளந்து கொடுத்தது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

டேங்க் வைத்த கீசருக்கு நட்சத்திரம் கொடுப்பது ஒரே ஒரு விஷயத்தை வைத்து. உள்ளே இருக்கும் தண்ணீரைச் சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி கூடுதல் சூட்டில் வைத்து, ஒரு சொட்டுகூட வெளியே எடுக்காமல், 24 மணி நேரம் அப்படியே விட்டு, அந்தச் சூட்டைக் காப்பாற்ற எவ்வளவு கரண்ட் செலவானது என்று பார்ப்பார்கள். லண்டன் பெட்டியைச் சும்மா இருக்கும்போது அளந்தார்களே, அதேதான். டேங்கைச் சுற்றி அடைத்திருக்கும் பஃப் நுரை எவ்வளவு கனம், எவ்வளவு நேர்த்தி என்பதற்கான சோதனை இது. நல்ல சோதனைதான்.

ஆனால் நம் வீட்டில் கீசரை 24 மணி நேரம் யார் போட்டு வைக்கிறார்கள்? மார்கழிக் காலையில் எழுந்து சுவிட்சைப் போடுவோம். பல் தேய்த்து வருவதற்குள் சூடாகிவிடும். அணைத்துவிட்டுத்தான் குளிப்போம், அணைக்க மறந்தால் வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ முக்கால் யூனிட் ஆகும். 2,000 வாட் காயில் என்றால் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. இது தண்ணீரின் குணம். ஒரு நட்சத்திரமானாலும் ஐந்து நட்சத்திரமானாலும் அந்த முக்கால் யூனிட்டில் மாற்றமில்லை. நட்சத்திரம் காப்பாற்றுவது, போட்டுவிட்டு மறந்துபோகிறவரை. அல்லது லாட்ஜ்காரரை. ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கும் நம் ஊரில் அறை கிடைக்காது. 365 படிக்கும் பூஜை பார்த்துவிட்டு நள்ளிரவில் இறங்கி வருகிறவர் வெந்நீர் கேட்பார், விடியற்காலையில் பால்காவடி எடுக்கிறவரும் கேட்பார். லாட்ஜில் கீசரை அணைக்கவே முடியாது. ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியவர் அவர். அறிவிப்பாகச் சொல்கிறேன்: மேடையில் இருக்கும் லாட்ஜ் உரிமையாளர் ஐயா குறித்துக்கொள்ளவும்.

கீசர் மெக்கானிக்குகள் சொல்வதில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு அதிகம். நாலைந்து வருஷம் ஓடிய காயிலைக் கழற்றினால், பென்சில் கனம் இருக்க வேண்டியது கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி உதிரும். "உப்பு படிஞ்சா கரண்டு நிறைய இழுக்கும்" என்பார்கள். இழுக்காது. காயிலில் பிறந்த சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். நடப்பது வேறு: சுண்ணாம்புக்கு உள்ளே மாட்டிக்கொண்ட காயில் தாங்க முடியாத சூடேறி வெடித்துப்போகும். லண்டன் பெட்டியில்தான் உப்பு நேரடியாகப் பில்லைத் தொடும். அந்த ஊர்த் தண்ணீரும் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதுதான். தகட்டு இடுக்கில் படிந்தால் சூடு கைமாறாது, திரும்பும் தண்ணீர் சூடாகவே போகும். அதனால் தகடுகள் 55 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் அந்த மாடலின் அறிக்கையில் உப்புப் படியும் அபாயம் என்று குறிக்கிறார்கள். நம் கீசர் ஸ்டிக்கரில் தண்ணீரின் உப்புக்கு இடமே இல்லை. சோதனைக் கூடத்துத் தண்ணீர் வேறு, திருத்தணி போர் தண்ணீர் வேறு.

இனி ஏ.சி. உண்மையில் இதற்காகத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

ஏ.சி. ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் அளவு சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது என்பதன் ஆண்டுச் சராசரி அது. இன்வெர்ட்டர் அல்லாதவற்றுக்கும் சேர்த்து 2018 ஜனவரியிலிருந்து கட்டாயம். அப்போது 4.50 இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அந்தக் கோட்டை 5.00 ஆக்கினார்கள். அதனால் 2018-இல் 4.50-ஐத் தொட்டு மட்டும் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏ.சி., பெட்டி மாறாமலே, 2022-இல் நாலு நட்சத்திரமாகியிருக்கும். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுகிற கடைக்காரரிடம் ஸ்டிக்கரில் எந்த ஆண்டு என்று பார்ப்பது நல்லது.

அந்தச் சராசரி எப்படி வருகிறது? கூடத்தில் வெளிப்பக்கம் 35 டிகிரி, உள்பக்கம் 27 டிகிரி வைத்து ஓட்டி அளக்கிறார்கள். மற்ற வெப்பநிலைகளுக்குச் சூத்திரம் போட்டுக் கணக்கிடுகிறார்கள். பிறகு இந்தியாவின் 54 நகரங்களின் வானிலைத் தரவை வைத்து, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏ.சி. ஓடும் என்று கொண்டு, எந்த வெப்பநிலையில் எத்தனை மணி என்று பிரித்திருக்கிறார்கள். அந்த அட்டவணை 24 டிகிரியில் ஆரம்பித்து 43-இல் முடிகிறது. 24 முதல் 30 டிகிரி வரைக்குமே 1,111 மணி நேரம் போய்விடுகிறது. 35-க்கு மேலே மொத்தம் 132 மணி. 40 டிகிரியும் அதற்கு மேலும் சேர்த்து 30 மணி. 43 டிகிரிக்கு 3 மணி.

ஆண்டு முழுக்க முப்பது மணி நேரம்! திருத்தணியில் மே மாதத்தில் பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை நாற்பதுக்குக் கீழே இறங்காத நாள் ஒன்றுக்கு ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறே நாளில் அந்த முப்பது தீர்ந்துபோகும். நம் ஊரில் வெயில் 44 டிகிரியைத் தொடுவதும் உண்டு. அட்டவணையில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. வெளிச்சூடு ஏற ஏற ஏ.சி.யின் திறன் இறங்கும், இழுக்கும் கரண்ட் ஏறும். இறங்குவதிலும் எல்லா மாடலும் ஒரே மாதிரி இறங்காது. 35-இல் ஒரே நட்சத்திரம் வாங்கிய இரண்டு ஏ.சி.யில் 44-இல் எது மூச்சுத் திணறும் என்று ஸ்டிக்கர் சொல்லாது. அதிக வெப்பத்தில் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனை தனியாக உண்டு. ஆனால் அது ஓடுகிறதா இல்லையா என்பதற்கு. எவ்வளவு தின்றுகொண்டு ஓடுகிறது என்பது நட்சத்திரக் கணக்கில் ஏறாது.

அட்டவணை போட்டவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வீட்டு ஏ.சி. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் ஊரும் முப்பது சொச்சத்துக்கு வந்துவிடும். நாடு முழுமைக்கும் ஒரே ஸ்டிக்கர் என்றால் சராசரி எடுத்துத்தான் ஆக வேண்டும். பெங்களூர்க்காரருக்கு அது சரியாக இருக்கும். பகலில் திறந்து வைக்கிற மருந்துக் கடைக்கும், ஸ்கேன் சென்டருக்கும், மெத்தை மாடியில் கைக்குழந்தையோடு இருக்கிற வீட்டுக்கும் சரியாக இல்லை.

எந்த அலகில் அளப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருத்தணிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டார்கள். நாம் அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராகப் படாஸ்கர் வந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, பெரும்பான்மை மொழியைப் பார்ப்பது, தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது என்று முதலில் அளவுகோலை முடிவுசெய்தார், அதற்கப்புறம்தான் எண்ணினார்கள். 1959-இல் சட்டம் வந்தது, 1960 ஏப்ரல் 1 முதல் நாம் இந்தப் பக்கம். ஜனங்கள் அதே ஜனங்கள், பேசிய மொழி அதே மொழி. மாவட்டமாக எண்ணினால் ஒரு விடை, கிராமமாக எண்ணினால் இன்னொரு விடை. எண்ணியவர் இரு தரப்புக்கும் பொதுவானவர் என்பதால் அந்த விடை நின்றது.

ஸ்டார் ஸ்டிக்கர் விஷயத்தில் எண்ணுகிறவர் யார்? பெரும்பகுதி கம்பெனிதான். அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அறிக்கையோடு கம்பெனியே தன் நட்சத்திரத்தை அறிவிக்கும், பி.இ.இ. பதிவு செய்துகொள்ளும். அதோடு விட்டுவிடுவதில்லை. சந்தையில் விற்கிற சரக்கை எடுத்து, சுயேச்சையான கூடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. தோற்றால் அதே மாடலில் இன்னும் கூடுதலாக எடுத்து மறுசோதனை. அதிலும் தோற்றால் நட்சத்திரத்தைத் திருத்த வேண்டும், சரக்கைத் திரும்பப் பெற வேண்டும், ஊருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். வேறொருவர், போட்டிக் கம்பெனியேகூட, "இந்த ஸ்டிக்கர் பொய்" என்று எழுதிக்கொடுத்துச் சோதிக்கச் சொல்லவும் வழி உண்டு. நம் மாநிலத்தில் இதைக் கவனிக்கப் பொறுப்பேற்றிருப்பது மின் ஆய்வுத் துறை. ஏற்பாடு காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. எத்தனை மாடலை எடுத்தார்கள், எது தோற்றது என்பது கடையில் நிற்கிற நமக்குத் தெரிகிற மாதிரி வருகிறதா என்பதில்தான் எனக்குக் குறை.

அரசை மட்டும் நம்பி இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1957-இல் லண்டனில் 'விச்?' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். விளம்பரம் கிடையாது, கம்பெனி கொடுக்கிற மாதிரிச் சரக்கும் வேண்டாம். கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதித்து, பெயரைப் போட்டு எழுதினார்கள். முதல் இதழிலேயே இருந்த சோதனைகளில் ஒன்று எலெக்ட்ரிக் கெட்டில். அதுவும் வெந்நீர்தான் பாருங்கள்! நம் நாட்டில் அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தனக்கென்று சோதனைக் கூடமே வைத்தது. டெல்லியில் கன்ஸ்யூமர் வாய்ஸ் ஒப்பீட்டுச் சோதனைகளை வெளியிட்டுவருகிறது. கடையில் வாங்குவது ஏன் முக்கியம் என்றால், சோதனைக்கென்றே செய்கிற சரக்கு என்று ஒன்று உண்டு. கடைச் சரக்கிலேயே தந்திரம் செய்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010-இல் அங்கத்திய நுகர்வோர் அமைப்பு ஒரு ஃப்ரிட்ஜைச் சோதித்தபோது, அது சோதனைக் கூடத்து வெப்பநிலையை அடையாளம் கண்டுகொண்டு, அப்போது மட்டும் கரண்டைக் குறைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் புகைச் சோதனையில் இதே வித்தையைச் செய்து மாட்டின. இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் அமைதியாக இருப்பதுபோல இயந்திரமும் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஏ.சி. ஸ்டிக்கரில் 35 டிகிரியில் அளந்து கணக்கிட்ட எண்ணுக்குப் பக்கத்தில், 43 டிகிரியில் உண்மையில் ஓட்டி அளந்த எண்ணையும் போடச் சொல்லி எழுத வேண்டும். கூடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வேலூரும் திருத்தணியும் கேட்காவிட்டால் ஊட்டிக்காரர்களா கேட்பார்கள்? மனுவை இந்தக் கூட்டத்தின் சார்பில் தயாரித்திருக்கிறார்கள். வாசலில் இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பேச வருவதற்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம், "எங்க வீட்டு கீசர் சூட்ட புடிச்சி வைக்குதான்னு நாங்களே பாக்க முடியாதா?" என்று கேட்டார். முடியும். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நாளாகப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் உள்பட எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கீசரை மட்டும் போட்டு, ஆட்டோமேட்டிக்காகச் சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் காத்திருங்கள். அணைந்ததும் ஈ.பி. மீட்டரில் யூனிட்டைப் புள்ளிக்கு அப்புறம் உள்ள எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். குழாயைத் தொடக் கூடாது. மீட்டரில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டுக் கண் சிமிட்டும். கீசர் அணைந்த பிறகும் அது வேகமாகச் சிமிட்டினால் வீட்டில் வேறு ஏதோ ஓடுகிறது, முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மறுபடி காயில் சூடாகி விளக்கு அணைகிற தருணமாகப் பார்த்து மீட்டரைப் படியுங்கள். வித்தியாசம்தான் உங்கள் கீசர் சும்மா நின்று தின்றது. பேச்சுக்கு அரை யூனிட் என்றால் நாளுக்கு ஒன்று, இரண்டு மாத பில்லுக்கு அறுபது. அரசு இலவசமாகத் தருகிற நூறு யூனிட்டில் பாதிக்கு மேல். அணைத்து வைக்கிற வீட்டுக்கு இதில் கவலையில்லை. சோதனைக்காக ஃப்ரிட்ஜை நிறுத்துவதால், அதில் பால் இருந்தால் முன்னாலேயே காய்ச்சிவிடுங்கள். கம்பெனி பெயர், லிட்டர், வாங்கிய வருஷம், மீட்டர் வித்தியாசம் இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நாற்பது சீட்டு சேர்ந்தால் பலகையில் எழுதிப் போடலாம்.